உப்பு வாரிய கைக்கு என்ன மிச்சம்?

முதியோர் பென்சன் தயவு அல்ல. தீர்க்க வேண்டிய பாக்கி!

உப்பு இல்லாத வீடு உண்டா?

பணக்காரர் வீட்டு விருந்திலும் உப்பு இருக்கிறது. ஏழை வீட்டுக் கஞ்சியிலும் உப்பு இருக்கிறது. வேறு எது இல்லாவிட்டாலும் சமாளித்து விடலாம். உப்பு இல்லாவிட்டால் அடுப்பு எரிந்தும் பயன் இல்லை.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது பழமொழி. சோறு போட்டவரை உயிர் இருக்கும் வரை மறக்கக் கூடாது என்று அதற்குப் பொருள்.

உப்பு இட்டவரையே மறக்கக் கூடாது என்றால், அந்த உப்பை விளைவித்துக் கொடுத்தவரை மறக்கலாமா? அவர் உழைத்து உழைத்து ஓய்ந்து, "இனி முடியவில்லை" என்று உட்காரும்போது நாடு அவருக்கு என்ன கொடுக்கிறது? கொடுப்பது போதுமா? கொடுப்பது நிலைக்குமா?

வயதானவர் இருக்கும் ஒவ்வொரு வீடும் கேட்க வேண்டிய கேள்வி இது. இனி வயதாகப் போகிறவர்களும் கேட்க வேண்டிய கேள்வி இது.

வயதாகாதவர் யார்?

வெயிலில் விளையும் வெள்ளை

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் மரக்காணத்தைப் பார்த்திருப்பார்கள். சாலை ஓரத்தில் பாத்தி பாத்தியாக உப்பளம். வெயிலில் கண்ணாடி போல மின்னும். ஆங்காங்கே வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல். ஆந்திராவிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் முடிகிற இடமும் இதுதான்.

உப்பு நீரைப் பாத்திகளில் பாய்ச்சுகிறார்கள். வெயில் நீரைக் குடித்து விடுகிறது. உப்பு அடியில் நிற்கிறது. அதை ஆண்கள் வாரி ஒதுக்குகிறார்கள். பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரையில் குவிக்கிறார்கள்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும்!

வெயில் எவ்வளவு கொளுத்துகிறதோ, அவ்வளவு நல்ல விளைச்சல். மற்றவர்கள் நிழலைத் தேடி ஓடும் நேரத்தில் இவர்கள் வெட்டவெளியில் நிற்க வேண்டும். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் குத்தும். காலில் சின்ன வெட்டு இருந்தால் போதும். உப்பு நீர் பட்டு எரியும். நாள் ஆக ஆக உள்ளங்காலும் உள்ளங்கையும் தோல் தடித்து மரத்துப் போகும்.

இந்த வேலையும் ஆண்டு முழுவதும் கிடையாது. ஜனவரியில் தொடங்கினால் பெரும்பாலும் செப்டம்பர் வரை. ஐப்பசி மழை இறங்கி விட்டால் பாத்திகள் குளமாகி விடும். 2024 நவம்பர் 30-ந்தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடு ஆயிற்று. அப்படிப்பட்ட ஆண்டில் உப்பளத்துக்கு நேரும் கதியைச் சொல்லத் தேவை இல்லை.

மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசாங்கம் கொண்டு வந்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அது மழை மூன்று மாதத்துக்கு.

வாழ்க்கையின் மழைக்காலத்துக்கு என்ன வழி?

கீழ்புத்துப்பட்டுப் பாட்டி

மரக்காணத்தைத் தாண்டி அதே சாலையில் தெற்கே போனால் கீழ்புத்துப்பட்டு வருகிறது. அங்கே உள்ள அய்யனார் கோயில் பேர் பெற்றது. கோயிலைச் சூழ்ந்து ஒரு பழைய காடு இருக்கிறது.

இந்தப் பக்கத்துப் பாட்டி ஒருவரை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள். இளம் வயதில் உப்பளத்தில் கூடை சுமந்தவர். நிலம் இல்லை. கணவர் இல்லை. மகன் கூலி வேலைக்குப் போகிறான். அவனுக்கே மாதத்தில் பாதி நாள் வேலை இல்லை.

இப்படிப்பட்ட பாட்டிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

ஆபீசில் வேலை பார்த்தவருக்கு வயதானால் பென்சன் உண்டு. ஆலையில் வேலை பார்த்தவருக்குப் பிராவிடண்டு பண்டு உண்டு. பாட்டிக்கு என்ன உண்டு? அவர் வேலைக்குப் போனதற்கு ரசீது கிடையாது. சம்பளப் பட்டியலில் பெயர் கிடையாது. அன்றாடம் கூலி வாங்கினார். அன்றாடம் அரிசி வாங்கினார். கணக்கு அதோடு தீர்ந்தது.

அவருக்கு இருக்கும் ஒரே ஆதாரம் அரசாங்கம் தரும் முதியோர் பென்சன்.

20 ரூபாயில் தொடங்கியது

இந்தப் பென்சன் நேற்று வந்தது அல்ல. 1957-ல் உத்தரபிரதேசம் இதைத் தொடங்கியது. 1962-ல் தமிழ்நாட்டில் தொடங்கியது. அப்போது மாநிலத்துக்குச் சென்னை மாநிலம் என்று பெயர். முதல்-மந்திரியாகக் காமராஜர் இருந்தார். ஆதரவு இல்லாத வயோதிகர்களுக்கு மாதம் 20 ரூபாய் கொடுக்கப்பட்டது.

தபால்காரர் மணியார்டர் கொண்டு வருவார். திண்ணையில் காத்திருக்கும் கிழவிக்கு அவர்தான் மகன்!

பிறகு 1995 ஆகஸ்டு 15-ந்தேதி மத்திய அரசாங்கமும் கை கொடுத்தது. 65 வயதான ஏழைகளுக்கு மாதம் 75 ரூபாய் தன் பங்காகத் தந்தது. பின்னர் அது 200 ரூபாய் ஆயிற்று. 2007-ல் இந்தத் திட்டத்துக்கு இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. 2011-ல் வயது வரம்பு 60 ஆகக் குறைக்கப்பட்டது. 80 வயதைக் கடந்தவர்களுக்கு 500 ரூபாய் என்றும் ஆயிற்று.

தமிழ்நாடு அரசாங்கம் தன் பணத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது. 2011-ல் பென்சன் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆயிற்று. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆயிற்று. பண்டிகைக்கு வேட்டி, சேலையும், மாதந்தோறும் விலை இல்லாத அரிசியும் உண்டு.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983-க்குப் பிறகு கடலைத் தாண்டி அலை அலையாக வந்தவர்களுக்குத் தமிழ்நாடு எங்கும் அமைந்த முகாம்களில் இதுவும் ஒன்று. 2021-ல் இவற்றுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றப்பட்டது.

முகாமில் உள்ள முதியவர்கள் தங்கள் ஊரில் உழைத்த உழைப்புக்கான கணக்கு கடலுக்கு அந்தப் பக்கமே நின்று விட்டது. இங்கே அவர்கள் குடிமக்களும் அல்ல. ஆனாலும் 2011-ல் முகாம்களில் உள்ள வயோதிகர்களுக்கும் விதவைகளுக்கும் இந்தப் பென்சன் உண்டு என்று தமிழ்நாடு அரசாங்கம் உத்தரவு போட்டது.

பசிக்குக் குடியுரிமை கிடையாது என்பதை அரசாங்கம் உணர்ந்த நேரம் அது.

நகராத ரூபாய்

இவ்வளவும் சரி. குறை எங்கே இருக்கிறது?

12 ஆண்டுகளைப் பாருங்கள். 2011-ல் 1,000 ரூபாய். 2023 வரை அதே 1,000 ரூபாய்! அந்த 12 ஆண்டில் அரிசி விலை நின்றதா? பருப்பு விலை நின்றதா? மருந்து விலை நின்றதா? பிறகு ஏறியது 200 ரூபாய்.

1,200 ரூபாயை 30 நாளுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு 40 ரூபாய். காலையில் ஒரு டீ, இரண்டு இட்லி. பாதிக்கு மேல் தீர்ந்து விடும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எங்கே? கண்ணாடி எங்கே? பஸ் கட்டணம் எங்கே?

மத்திய அரசாங்கத்தின் பங்கு இன்னும் பரிதாபம். 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2007-ல் 200 ரூபாய். 15 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அதே 200 ரூபாய். ஒரு நாளைக்கு 7 ரூபாய்கூட இல்லை!

கம்பெனியில் வேலை பார்த்தவர்களும் இதே புலம்பல்தான் புலம்புகிறார்கள். 1995-ல் வந்த தொழிலாளர் பென்சன் திட்டத்தில், குறைந்த அளவு பென்சன் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயம் ஆயிற்று. பத்து ஆண்டு கடந்தும் அது நகரவில்லை.

ஆனால் ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியருக்குப் பஞ்சப்படி உண்டு. விலைவாசி ஏறினால் ஆண்டுக்கு இரண்டு தடவை அவர் பென்சனும் ஏறும். அது நியாயம்தான். அதை யாரும் குறை சொல்லக் கூடாது.

கேள்வி இதுதான். அதே கடையில்தானே பாட்டியும் பருப்பு வாங்குகிறார்? கடைக்காரர் அவருக்கு மட்டும் பழைய விலைக்குக் கொடுப்பாரா?

ஒரு கோட்டுக்கு இரண்டு பக்கம்

கீழ்புத்துப்பட்டிலிருந்து சில மைல் தெற்கே போனால் புதுச்சேரி எல்லை. அங்கே முதியோர் உதவித்தொகை பல ஆண்டுகளாகவே தமிழ்நாட்டைவிட அதிகம். வடக்கே ஆந்திராவில் 2024 ஜூலை முதல் மாதம் 4,000 ரூபாய்.

ஒரே கடல். ஒரே வெயில். ஒரே முதுமை. கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தால் ஒரு தொகை. அந்தப் பக்கம் பிறந்தால் வேறொரு தொகை!

எங்கே எப்போது எவ்வளவு ஏறும் என்பதைப் பெரும்பாலும் தேர்தல்தான் முடிவு செய்கிறது. தேர்தல் வந்தால் பென்சனுக்கு நினைவு வருகிறது. தேர்தல் முடிந்தால் மறதி வருகிறது. கிழவியின் பசி ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை வருவது அல்லவே!

விரல் சொன்ன பொய்

மணியார்டர் காலம் போய் விட்டது. பணம் பாங்கிக் கணக்குக்குப் போகிறது. பாங்கியின் ஆள் சின்ன மெஷினோடு கிராமத்துக்கு வருகிறார். விரலை வைத்தால் பணம் கிடைக்கும். இடையில் யாரும் பணத்தைக் கிள்ள முடியாது. இது முன்னேற்றம்தான்.

ஆனால் உப்பிலும் மண்ணிலும் வேலை செய்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். மெஷின் அதைப் படிக்காது. "உன் ரேகை விழவில்லை, பாட்டி. அடுத்த தடவை பார்க்கலாம்" என்று பதில் வரும்.

எந்த உழைப்புக்காகப் பென்சன் கொடுக்கிறார்களோ, அந்த உழைப்பே ரேகையை அழித்து விட்டது. அதே காரணத்தால் பணம் நிற்கிறது. இதைவிடக் கொடுமை உண்டா?

பெயர் அடிபடுவது இன்னொரு தொல்லை. பட்டியலைச் சரி பார்க்கிறார்கள். தகுதி இல்லாதவர்களை நீக்க வேண்டியதுதான். ஆனால் அவர்களோடு தகுதி உள்ளவர்கள் பெயரும் போய் விடுவது உண்டு. பாட்டிக்கு அது தெரிவது எப்போது? மாதம் பிறந்து பணம் வராதபோதுதான்! பிறகு தாலுகா ஆபீசுக்கு நடை. இ-சேவை மையத்துக்கு நடை. போய் வரும் செலவு அரை மாதப் பென்சனைத் தின்று விடும்.

40-க்கு மேல் கதவு சாத்தல்

இன்றைய கிழவி கதை இது. நாளைய கிழவி கதை என்ன?

மத்திய அரசாங்கம் 2015 மே மாதம் "அடல் பென்சன்" திட்டத்தைத் தொடங்கியது. மாதந்தோறும் பணம் கட்டினால் 60 வயதுக்குப் பிறகு 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை கிடைக்கும். 2019-ல் அமைப்பு சாராத் தொழிலாளர்களுக்கு என்று இன்னொரு திட்டம் வந்தது. மாதம் 55 ரூபாய் முதல் 200 ரூபாய் வரை கட்ட வேண்டும். அதே அளவு பணத்தை அரசாங்கமும் போடும். 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய்.

நல்ல திட்டங்கள்தான். ஆனால் இரண்டிலும் 40 வயதுக்கு உட்பட்டவர்கள்தான் சேரலாம்.

45 வயதில் உப்பு சுமக்கும் பெண் என்ன செய்வார்? புதிய திட்டத்தில் சேர வயது கடந்து விட்டது. முதியோர் பென்சனுக்கு இன்னும் 15 ஆண்டு இருக்கிறது. இரண்டு கதவுக்கும் நடுவே நிற்கிறார்.

சேர்ந்தவர்களுக்கும் கஷ்டம் உண்டு. மழைக்காலத்தில் வேலை இல்லை. கட்ட வேண்டிய பணத்தை எங்கிருந்து கட்டுவது?

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 2019-ல் சேர்ந்த 25 வயதுப் பையனுக்கு 2054-ல்தான் பென்சன் வரும். அன்றைக்கும் அதே 3,000 ரூபாய். 1962-ல் மாதம் முழுவதற்கும் கொடுத்தது 20 ரூபாய். இன்று 20 ரூபாயில் இரண்டு டீ குடிக்க முடியுமா? 2054-ல் 3,000 ரூபாய் என்ன வாங்கும்?

சட்டம் என்ன சொல்கிறது?

"அரசாங்கம் கொடுப்பதே பெரிது. இதில் உரிமை என்ன?" என்று சிலர் கேட்பார்கள்.

1982 டிசம்பர் 17-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. டி.எஸ்.நகாரா என்ற ஓய்வு பெற்ற அதிகாரி தொடுத்த வழக்கு அது. பென்சன் என்பது எஜமான் மனம் வைத்துப் போடும் இனாம் அல்ல. செய்த வேலைக்குச் சேர வேண்டியது என்று ஐந்து நீதிபதிகள் கூறினார்கள். அதனால்தான் டிசம்பர் 17-ந்தேதியைப் பென்சன்தாரர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அந்த வழக்கு அரசாங்க ஊழியர் சம்பந்தப்பட்டது. உப்பளத் தொழிலாளிக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் நியாயம் ஒன்றுதானே? ஒருவர் பைலில் எழுதினார். இன்னொருவர் பாத்தியில் வாரினார். இரண்டு பேர் உழைப்பிலும்தான் நாடு நடந்தது.

அரசியல் சட்டத்தின் 41-வது பிரிவும் முதுமையில் உதவி கிடைக்க அரசாங்கம் வழி செய்ய வேண்டும் என்கிறது. "பொருளாதார வசதிக்கு உட்பட்டு" என்ற நிபந்தனையும் அதில் இருக்கிறது. அந்தச் சட்டம் 1950-ல் வந்தது. அன்று இருந்த வசதியும் இன்று இருக்கிற வசதியும் ஒன்றா?

பிள்ளைகள் பார்த்துக் கொள்ளக் கூடாதா?

கட்டாயம் பார்த்துக் கொள்ள வேண்டும். பெற்றவர்களைக் கைவிடும் பிள்ளைகளுக்காக 2007-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கொடுக்கும்படி உத்தரவிட முடியும்.

மகனிடம் இருந்தால் அந்தச் சட்டம் வேலை செய்யும். மகனே கூலி என்றால்? தன் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவதா, தாய்க்கு மருந்து வாங்குவதா என்று அவன் தினம் தினம் தவிக்கிறான். தாயின் கையில் பென்சன் இருந்தால் அந்தத் தவிப்பு குறையும். பேரனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கும் பாட்டிக்கு வீட்டில் மரியாதையும் கிடைக்கும்.

பென்சன் பாசத்தைக் குறைக்காது. பாசத்தைக் காப்பாற்றும்.

தலை நரைக்கும் தமிழ்நாடு

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031-ல் இது 18 பேர் ஆகும் என்று அரசாங்க நிபுணர்கள் கணித்திருக்கிறார்கள். கேரளாவுக்கு அடுத்தபடி நரைத்த தலைகள் மிகுந்த மாநிலம் தமிழ்நாடு.

முன்பு ஒரு வீட்டில் ஐந்து, ஆறு பிள்ளைகள். இன்று ஒன்று அல்லது இரண்டு. தாத்தா, பாட்டி அதிக காலம் வாழ்கிறார்கள். தாங்கும் தோள்கள் குறைகின்றன. இது குறை அல்ல; மருத்துவமும் படிப்பும் தந்த வெற்றி. ஆனால் வெற்றிக்கும் செலவு உண்டு.

"பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பது நியாயமான கேள்வி. மற்ற நாடுகள் எங்கே போயின என்று பார்க்கலாம்.

ஜெர்மனியில் 1889-ல் பிஸ்மார்க் காலத்தில் பென்சன் சட்டம் வந்தது. தொழிலாளி ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு, அரசாங்கம் ஒரு பங்கு. மூன்று கை சேர்ந்து தூக்கியது. இங்கிலாந்தில் 1909 ஜனவரி 1-ந்தேதி முதல் 70 வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை தபால் ஆபீசில் கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் 1935-ல் பென்சன் சட்டம் வந்தது. 1975 முதல் விலைவாசி ஏறினால் பென்சனும் தானாக ஏறுகிறது. யாரும் மேடையில் வாக்குறுதி கொடுக்க வேண்டியது இல்லை. 1983-ல் நிதி தீரும் நிலை வந்தது. இரண்டு கட்சிகளும் உட்கார்ந்து பேசின. பென்சன் வயதை 65-லிருந்து 67 ஆக்கினார்கள். அதையும் ஒரே நாளில் செய்யவில்லை. இளையவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, பல ஆண்டுகளில் படிப்படியாகச் செய்தார்கள்.

பணக்கார நாடுகள் என்று தள்ள வேண்டாம். நேபாளத்தைப் பாருங்கள். 1995-ல் 75 வயதானவர்களுக்கு மாதம் 100 நேபாள ரூபாய் கொடுத்துத் தொடங்கியது அந்த ஏழை நாடு. 2021-ல் அது 4,000 ரூபாய் ஆயிற்று.

தமிழ்நாட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. கட்டடம் கட்டுகிறவர்களிடம் செலவில் 100-க்கு 1 வீதம் வாங்கித்தான் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் நடக்கிறது. உப்பு வியாபாரத்திலும் மூட்டைக்குச் சில காசு ஒதுக்கினால் யாருடைய குழம்பும் கசந்து விடாது.

ஏழை வரி கட்டாதவர் என்றும் நினைக்க வேண்டாம். உப்புக்கு வரி இல்லை. ஆனால் சோப்புக்கு உண்டு. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கு உண்டு. பாட்டி வாழ்நாள் முழுவதும் வரி கட்டியவர்தான்.

நான்கு காவல்

முதியோர் பென்சனுக்கு நான்கு காவல் வேண்டும்.

ஒன்று: பென்சன் விலைவாசியோடு சேர்ந்து ஆண்டுதோறும் தானாக ஏற வேண்டும். அதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். மத்திய அரசாங்கம் தன் 200 ரூபாயை இன்றைய விலைக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

இரண்டு: எழுத்து மூலம் காரணம் சொல்லாமல், பதில் சொல்ல அவகாசம் கொடுக்காமல், ஒருவர் பென்சனையும் நிறுத்தக் கூடாது. பெயர்ப் பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டும். யார் பொய், யார் மெய் என்பது ஊருக்குத் தெரியும். தவறாக நிறுத்தினால் நிலுவையோடு திருப்பித் தர வேண்டும்.

மூன்று: ரேகை விழாதவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. கண்ணைப் பார்த்து அடையாளம் காணும் மெஷின் இருக்கிறது. நடக்க முடியாதவருக்கு வீட்டுக்கே பணம் வர வேண்டும். தபால்காரர் அன்று செய்ததை இன்றைய விஞ்ஞானம் செய்ய முடியாதா?

நான்கு: 40 வயதைக் கடந்த தொழிலாளிக்கும் கதவு திறக்க வேண்டும். வேலை இல்லாத மழை மாதங்களில் பணம் கட்டாவிட்டாலும் கணக்கு அறுந்து போகக் கூடாது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்திருக்கிறது. அமைப்பு சாராத் தொழிலாளர்களுக்குத் திட்டம் வகுக்க அதில் இடம் இருக்கிறது. உப்பளத்தையும் மறக்காமல் எழுத வேண்டும்.

குடும்பங்கள் செய்ய வேண்டியது

அரசாங்கம் செய்யட்டும் என்று வீட்டில் உள்ளவர்கள் சும்மா இருக்கக் கூடாது.

வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் தகுதி உள்ள முதியவர் பென்சன் இல்லாமல் இருந்தால், எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் அவரோடு இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பாங்கிப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக் கொள்ள வேண்டும். மனு நம்பரைக் குறித்து வைக்க வேண்டும். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறை தீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். முதியோருக்கு என்று 14567 என்ற டெலிபோன் நம்பரும் இருக்கிறது.

உழைக்கும் வயதில் உள்ளவர்கள் நல வாரியத்தில் இன்றே பதிவு செய்து, தவறாமல் புதுப்பிக்க வேண்டும். 40-க்கு உட்பட்ட பிள்ளைகளைப் பென்சன் திட்டத்தில் சேர்த்து விட வேண்டும். குறை உள்ள திட்டம் என்றாலும் ஒன்றும் இல்லாததைவிட மேல்.

அய்யனார் காடு சொல்வது

கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்கு மீண்டும் வருவோம். கடற்கரை ஓரத்தில் இப்படிப்பட்ட காடுகள் முன்பு நிறைய இருந்தன. பெரும்பாலும் அழிந்து விட்டன. இது மட்டும் எப்படி மிஞ்சியது?

"இது அய்யனாருக்கு உரியது. இதில் கை வைக்கக் கூடாது" என்று ஊரார் தலைமுறை தலைமுறையாக நினைத்தார்கள். தாத்தா வெட்டாமல் விட்டார். பேரனுக்கு நிழல் கிடைத்தது.

முதியோர் பென்சனும் அப்படித்தான். "இது உழைத்து ஓய்ந்தவருக்கு உரியது. இதில் கை வைக்கக் கூடாது" என்று நாடு ஒரு முடிவுக்கு வர வேண்டும். எந்தக் கட்சி வந்தாலும், எந்தக் கட்சி போனாலும் அது அசையக் கூடாது. இன்று பாட்டிக்கு அது சோறு. நாளை பேத்திக்கு அதுவே நிழல்.

இன்று இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது இலையில் உள்ள உப்பை ஒரு நிமிஷம் பாருங்கள். அதை வாரிய கை இப்போது நடுங்கிக் கொண்டிருக்கும். அந்தக் கை பிச்சைக்காக நீளவில்லை.

பாக்கியைக் கேட்டு நீள்கிறது!